நிலாவரைக் கரையில் ஒரு பாடம்

சுதந்திர தினம் கழிந்து இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. வகுப்பில் வரலாற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், வெள்ளைக்காரன் றோட்டுப் போட்டான், றெயில் விட்டான், பள்ளிக்கூடம் வைத்தான் என்று நீங்களே படிப்பித்தீர்கள். அப்படியென்றால் அவனைப் போகச் சொன்னது ஏன்?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி நியாயமானது. பாடநூலைப் புரட்டினால் ஆண்டுகளும் பெயர்களும் அகப்படும். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளையின் மனத்தில் தைக்கும் விடை அதில் அகப்படாது. “வருகிற சனிக்கிழமை புத்தூருக்குப் போவோம், அங்கே விடை சொல்லுகிறேன்” என்றேன். புத்தூருக்கும் வெள்ளைக்காரனுக்கும் என்ன தொடர்பு என்று அவன் கேட்கவில்லை. சுற்றுலா என்றவுடன் கேள்வி மறந்துபோயிற்று.

பருத்தித்துறை வீதி வழியே

குறித்த சனிக்கிழமை காலையில் பன்னிரண்டு பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினேன். நல்லூர்த் தேரடியைத் தாண்டிக் கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய், நீர்வேலி என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவ்வீதியின் இருமருங்கும் செம்மண் தோட்டங்கள். வாழையும், வெங்காயமும், மரவள்ளியும், புகையிலையும் பாத்தி பாத்தியாக நின்றன. கிளுவை வேலிகளுக்கு அப்பால் நீரிறைக்கும் இயந்திரங்களின் ஓசை கேட்டது. எங்கள் குடாநாட்டில் ஆறில்லை. மாரியில் மாத்திரம் ஓடும் வழுக்கியாற்றை ஆறென்று சொல்லி மனந்தேறுகிறோம். ஆயினும் பச்சை மாறாத தோட்டங்கள் உள. அப்பச்சை முழுவதும் கிணற்றின் கொடை.

நீர்வேலியைக் கடந்தால் சிறுப்பிட்டி. ஏட்டுச் சுவடிகளில் மாய்ந்துகொண்டிருந்த பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிக் காத்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1832 இல் பிறந்த ஊர் இது. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் நடத்திய செமினரியில் கற்று, 1857 இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். “அமெரிக்கர் ஏன் சேர் இங்கே வந்தார்கள்?” என்று ஒரு மாணவி கேட்டாள். “அவர்களும் ஒருகாலத்தில் பிரித்தானியரின் கீழிருந்தவர்களே. அக்கதை பிறகு வரும், நினைவில் வைத்துக்கொள்” என்றேன்.

சிறுப்பிட்டிக்கு அடுத்தது புத்தூர். புற்று நிறைந்த ஊராதலின் புற்றூர் என வழங்கிப் பின் புத்தூராயிற்று என்பாருமுளர். செம்மண் நிலம் இவ்வூரின் கிழக்கெல்லையில் மெல்லத் தாழ்ந்து, வாதரவத்தை வயல்வெளியாய், அப்பால் கடல்நீரேரியாய் விரிகின்றது. ஊர்ப் பெரியோரின் கொடையால் எழுந்த ஸ்ரீ சோமாஸ்கந்தக் கல்லூரி இவ்வூரின் கண்ணாக விளங்குகின்றது. சந்தியில் இறங்கி, சுன்னாகம் செல்லும் வீதியில் மேற்கு நோக்கி நடந்தோம்.

இவ்வீதிகளில் நடப்பது எனக்குப் புதிதன்று. 1995 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாத இறுதியில், போரின் நடுவே, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்தபோது, பதினைந்து வயதுச் சிறுவனாக, ஒரு சைக்கிளின் பின்னே பாயும் பானையுங் கட்டித் தள்ளிக்கொண்டு நடந்தவன் நான். அன்று வழியில் ஒரு கிணற்றடியில் முன்பின் அறியாத ஒருவர் ஒரு வாளி நீர் அள்ளித் தந்தார். யார், எந்த ஊர், என்ன சாதி என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இதைப் பிள்ளைகளுக்கு அப்போது சொல்லவில்லை. பிற்பகலில் சொல்ல நேர்ந்தது.

ஆழங் காணாக் கிணறு

புத்தூரையடுத்த நவக்கிரியில் இருக்கின்றது நிலாவரை. இராமபிரான் தன் வானர சேனையின் தாகந்தீர்க்க அம்பூன்றிய இடம் என்பது ஊர்வழக்கு. கீரிமலைக் கேணிக்கும் இதற்கும் நிலத்தின்கீழ் வழியுண்டு என்பதும், இங்கே இட்ட எலுமிச்சம்பழம் அங்கே மிதக்கும் என்பதும் பாட்டிமார் சொல்லும் கதைகள். கதைகள் இருக்கட்டும். படிகளால் இறங்கி நின்று பார்த்தால், சதுரமாகக் கட்டிய கரைகளுக்கு நடுவே கரும்பச்சை நிறத்தில் அசையாது கிடக்கும் நீரைக் கண்டு நெஞ்சு சற்றே அஞ்சும். அடி தெரிவதில்லை.

உண்மையில் இது மனிதன் தோண்டிய கிணறன்று. நம் காலடியிலிருப்பது சுண்ணாம்புக் கல். மழைநீர் அக்கல்லைக் கரைத்துக் கரைத்துக் குகைகளை ஆக்கும். ஒரு குகையின் மேற்றட்டு இடிந்து விழுந்தால் இத்தகைய கிணறு தோன்றும். குடாநாட்டின் நன்னீர், நிலத்தின்கீழ் உள்ள உவர்நீரின்மேல், பாலின்மேல் ஆடைபோலப் படர்ந்து மிதக்கின்றது. எனவே நிலாவரையின் மேற்பகுதி நன்னீர். ஆழம் செல்லச் செல்ல உவர்நீர். மிகையாக இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலேறிவிடும். எமர்சன் தெனன்ற் என்னும் பிரித்தானிய அதிகாரி 1859 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், புத்தூர்க் கிணற்றின் நீர்மட்டம் கடலின் வற்றுப்பெருக்குப்போலச் சில அங்குலம் ஏறி இறங்குவதை வியந்து எழுதியுள்ளார்.

பிள்ளைகள் கல்லெறிந்து பார்க்க முயன்றபோது கண்டித்து மேலே அழைத்து வந்தேன்.

பங்குக் கிணறும் ஒரு திறப்பும்

நான் அவர்களை அழைத்து வந்தது நிலாவரைக்காக மாத்திரமன்று. அருகே ஒரு தோட்டத்தில் எனக்குப் பழக்கமான கமக்காரர் ஒருவர் உள்ளார். எண்பதை எட்டியவர், இன்றும் மண்வெட்டியை விடாதவர். எங்களைக் கண்டதும், “வாருங்கோ மாஸ்டர். பிள்ளையள் வெயிலுக்க நிக்காமல் பூவரசுக்குக் கீழ வாருங்கோ” என்று அழைத்து, இளநீர் வெட்டித் தந்தார்.

அவர் தோட்டத்துக் கிணறு பங்குக் கிணறு. நான்கு குடும்பங்களுக்கு அதில் உரிமை. இன்னாருக்கு இன்ன நாள், இத்தனை மணிக்கு முறை என்பது அவர்களுக்குள் ஒழுங்கு. அவர் இளமையிலே துலா இருந்தது. ஒருவர் துலாவிலே ஏறி முன்னும் பின்னும் மிதிப்பார். ஒருவர் பட்டையைப் பிடித்து நீரைக் கவிழ்ப்பார். மற்றொருவர் வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி நீர் மாறுவார். விடியுமுன் தொடங்கினால் வெயிலேறும்வரை இறைப்பு. இன்று மின்மோட்டர் வந்துவிட்டது. ஆனால் முறை மாறவில்லை.

“முறை பிசகினால் என்ன செய்வியள் ஐயா?” என்று கேள்வி கேட்ட அந்த மாணவனே கேட்டான்.

“என்ன செய்யிறது தம்பி? நாலு பேரும் வரம்பில குந்தியிருந்து கதைப்பம். சில வேளை சண்டையும் பிடிப்பம். ஆனால் முடிவு எங்கட முடிவு. வெளியில இருந்து ஒருதனும் வந்து சொல்லேலாது.”

இவ்விடத்திலேதான் என் பாடத்தைத் தொடங்கினேன். பிள்ளைகளைக் கிணற்றைச் சுற்றி அமரச் செய்து சொன்னேன்: “ஒரு பணக்காரர் தூரதேசத்திலிருந்து வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலவந்தமாக இக்கிணற்றைப் பிடித்துக்கொள்கிறார். கட்டைச் சீமெந்தால் அழகாகப் பூசுகிறார். புது மோட்டர் பூட்டுகிறார். பின்னர் மோட்டர் அறைக்குப் பூட்டுப் போட்டுத் திறப்பைத் தம் மடியில் வைத்துக்கொண்டு, ‘நான் திறக்கும்போது நீர் எடுங்கள், அதற்குக் காசும் கட்டுங்கள், எவ்வளவு என்பதை நானே சொல்வேன், கேள்வி கேட்கலாகாது’ என்கிறார். கிணறு முன்னிலும் நன்றாகத்தான் இருக்கிறது. ஐயாவுக்குச் சம்மதமாயிருக்குமா?”

“இராது” என்றார்கள் பிள்ளைகள். கமக்காரர் வெற்றிலையை மென்றபடியே சிரித்தார்.

“குடியேற்ற நாடுகளின் மக்கள் சுயாட்சி கேட்டதன் முதற் காரணம் அதுவே. திறப்பு யாரிடம் என்பதே கேள்வி. பூச்சு எவ்வளவு அழகு என்பது இரண்டாவது.”

கடலுக்கு அப்பாலும் இதே கேள்வி

அமெரிக்கக் கதையைக் கேட்க அந்த மாணவி மறக்கவில்லை. சுருக்கமாகச் சொன்னேன். வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பிரித்தானியாவுக்குப் பதின்மூன்று குடியேற்றங்கள் இருந்தன. அங்கே சுயாட்சி கேட்டவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தும் பிற ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் சென்று குடியேறியவர்களும் அவர்களின் மக்களுமே. போர்ச் செலவை ஈடுசெய்ய இலண்டன் பாராளுமன்றம் 1765 இல் முத்திரை வரி விதித்தது. பத்திரிகைக்கும் பத்திரத்துக்கும் சீட்டாட்டச் சீட்டுக்குங்கூட வரி. வரியின் பாரத்தைவிட மற்றொன்று அவர்களை உறுத்தியது. அப்பாராளுமன்றத்தில் அவர்கள் தெரிந்தெடுத்த ஒருவர்கூட இல்லை. எங்கள் சொல் கேளாத சபைக்கு எங்கள் காசில் கைவைக்க உரிமையேது என்றனர். 1773 டிசெம்பரில் பொஸ்ரன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலிற் கொட்டினர்.

“எங்கட தேயிலையா சேர்?” என்றான் ஒருவன்.

“இல்லை, சீனத் தேயிலை. இலங்கையிலே தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1867 இலேதான்” என்றேன். 1776 ஜூலை 4 இல் அவர்கள் சுதந்திரம் பிரகடனஞ் செய்தனர். 1783 இல் பிரித்தானியா அதனை ஏற்றது.

நம் நிலைமை வேறு. நாம் குடியேறி வந்து ஆள்பவனோடு பிணங்கியவர்கள் அல்லர், வெல்லப்பட்டவர்கள். 1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசை வீழ்த்தினர். 1658 இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தனர். 1795 இல் பிரித்தானியர் வந்தனர். முந்நூறு ஆண்டுக்கு மேலாக இம்மண்ணின் வரியும் சட்டமும் கடலுக்கப்பாலிருந்து வந்தன.

அப்போதுதான் அந்த மாணவனின் கேள்விக்கு வந்தேன். “றோட்டுப் போட்டது வெள்ளைக்காரன் என்றாயல்லவா? யார் கையாற் போட்டது?” 1848 ஆம் ஆண்டின் வீதிச் சட்டப்படி, பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து வயதுவரையுள்ள ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டில் ஆறு நாள் வீதி வேலை செய்தல்வேண்டும், அல்லது அதற்கீடாகப் பணங் கட்டவேண்டும். ஏட்டில் எப்படியும் எழுதலாம். கல்லுடைத்தவன் யாரென்பது ஊரறியும். அதே ஆண்டில் நாய்க்கும், துவக்குக்கும், கடைக்கும் வரி வந்தது. மாத்தளைப் பக்கத்தில் கிளர்ச்சி வெடித்தது. உப்போ அரசாங்கத்தின் ஏகபோகம். தொண்டைமானாற்றுக் கரையில் வெயில் தானாகவே விளைவிக்கும் உப்பை, அக்கரையிற் பிறந்தவன் அனுமதியின்றி அள்ளினாற் குற்றம்.

பள்ளிக்கூடங்களின் கதையும் அத்தகையதே. அவற்றுட் பெரும்பாலானவற்றை மிஷனரிமார் கட்டினர். அதற்கெதிரே ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையைத் தொடங்கினார். பின்னர் ஊர்தோறும் ஊரவரே பிடியரிசியுங் கொடையும் சேர்த்துப் பள்ளி எழுப்பினர். நன்மை எதுவும் வரவில்லை என்று சொல்வது பொய். அந்நன்மைக்கு விலை கொடுத்தவர்கள் நாங்களே என்பதை மறைப்பதும் பொய்.

படிப்படியாகத் திறந்த கதவு

1833 இல் சட்டநிரூபண சபை அமைந்தது. உறுப்பினர் பதினைவர், அவருள் ஒன்பதின்மர் அரசாங்க உத்தியோகத்தர். எஞ்சிய அறுவருள் மூவர் ஐரோப்பியர்; சிங்களவர் ஒருவர், தமிழர் ஒருவர், பறங்கியர் ஒருவர். அவர்களையும் ஆளுநரே நியமிப்பார். நான்கு பங்காளர் உள்ள கிணற்றில் பூட்டுப் போட்டவரே பங்காளர் சார்பிற் பேசுபவரையும் தெரிந்தெடுத்தல் போன்றது அது. 1911 இலே படித்த இலங்கையர் தமக்கென ஒருவரைத் தெரியும் உரிமை பெற்று, பொன்னம்பலம் இராமநாதனைத் தெரிந்தனர். 1919 டிசெம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் பிறந்தபோது அதன் முதற் றலைவராக இருந்தவர் அவர் தம்பி பொன்னம்பலம் அருணாசலம்.

இத்தனையும் பெரியோர் செய்தவை. ஆனால் மாணவச் செல்வங்கள் அறியவேண்டிய ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்திலே பூரண சுயராச்சியம் வேண்டுமென்று உரத்த குரலிற் கேட்டவர்கள் இளைஞர்கள். 1924 டிசெம்பரில், யாழ்ப்பாணக் கல்லூரியோடு தொடர்புடைய இளைஞர் சிலர், ஹன்டி பேரின்பநாயகத்தை முன்னிட்டு, மாணவர் காங்கிரஸ் என்றொரு சங்கத்தைத் தொடக்கினர். அதுவே பின்னர் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் என வளர்ந்தது. அமெரிக்க மிஷன் நாட்டிய கல்லூரியின் நிழலில் பிரித்தானியரிடமிருந்து விடுதலை வேண்டும் குரல் எழுந்ததை நினைந்தால் புன்னகை வருகின்றது. சாதி, மதம், இனம் என்னும் வேலிகளை அகற்றல், தாய்மொழியிற் கல்வி, தேசிய உடை ஆகியவற்றையும் அவர்கள் சுயராச்சியத்தோடு சேர்த்தே வேண்டினர். அவர்கள் அழைப்பில் 1927 நவம்பர் இறுதியிற் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். கல்லூரிகளிலும் பொதுக்கூட்டங்களிலும் பேசினார், கதருக்கு நிதி திரட்டினார், தீண்டாமையைக் கண்டித்தார்.

1931 இல் டொனமூர் ஆணைக்குழுவின் திட்டப்படி அரசாங்க சபை அமைந்தது. இருபத்தொரு வயதான ஆண் பெண் எல்லோர்க்கும் வாக்குரிமை கிடைத்தது. பிரித்தானியப் பெண்கள் ஆடவரோடு சமமான வாக்குரிமை பெற்று மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. பெரும் பேறுதான். ஆயினும் நிதி, சட்டம், பாதுகாப்பு, வெளிவிவகாரம் ஆகியவை பிரதம, நிதி, சட்டச் செயலாளர்கள் என்னும் மூன்று உத்தியோகத்தர் கையில், ஆளுநரின் கீழேயே இருந்தன. பெரிய திறப்பு இன்னும் மாறவில்லை. ஆதலால் இளைஞர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு கேட்டது. 1931 மே 4 இல் நியமனப் பத்திரங்கள் ஏற்கும் நாள் வந்தபோது, யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்னும் நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் நியமனம் தாக்கல் செய்யவில்லை. நான்கு ஆசனங்களும் வெறுமையாயின.

அது வெற்றியா, தோல்வியா என்பதை அறிஞர் இன்றும் வாதிக்கின்றனர். தெற்கிலிருந்து எதிர்பார்த்த துணை வரவில்லை. பகிஷ்காரத்தை ஆதரித்தோர் யாவரும் ஒரே நோக்கம் உடையவரும் அல்லர். இனவாரிப் பிரதிநிதித்துவம் போயிற்றே என்று வருந்தியவரும் அவருள் இருந்தனர். சபையிலே குரல் இல்லாத மூன்றாண்டு கழிந்து, 1934 இல் அவ்வாசனங்கள் நிரப்பப்பட்டன. கொள்கை உயர்ந்ததாயினும், தனியே நின்று கதவை மூடினால் உள்ளே நடப்பது கேளாமற் போகும் என்பதும் அதிலுள்ள பாடம். ஈற்றில் 1948 பெப்ரவரி 4 இல் இலங்கை சுதந்திரம் பெற்றது.

கிணற்றடியில் ஒரு மௌனம்

பாடம் முடிந்தது என எண்ணி எழுந்தேன். கமக்காரர் பெருமிதத்தோடு, “என்ர அப்புவும் பெடியனாய் இருக்கேக்க யாழ்ப்பாணத்துக்கு நடந்துபோய்க் காந்தியைக் கண்டவர். சாகும்வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவர்” என்றார்.

அமெரிக்கரைப் பற்றிக் கேட்ட மாணவி மெல்ல, “ஐயா, அப்போது இந்தக் கிணற்றில் எல்லோரும் தண்ணீர் அள்ளலாமா?” என்றாள்.

எவரும் பேசவில்லை. வாய்க்காலில் நீர் ஓடும் ஓசை மாத்திரம் கேட்டது. பெரியவர் தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இல்லைப் பிள்ளை” என்றார். “தோட்டத்தில எங்களோட நிண்டு துலா மிதிச்சவை. ஆனால் குடிக்கத் தண்ணி வேணுமெண்டால் அள்ளேலாது. கட்டுக்கு வெளியில நிண்டு கையை ஏந்துவினம், நாங்கள் வாப்பம். காந்தியைக் கண்ட அப்பு இருந்த காலத்திலும் அப்பிடித்தான். எனக்கும் அது பிழையெண்டு கனகாலம் தெரியேல்லை.”

எண்பது வயதான ஒருவர், பன்னிரண்டு பிள்ளைகள் முன் இவ்வாறு சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! நானும் மறைக்க விரும்பவில்லை. என் பாட்டியார் வீட்டுக் கூரை இறப்பிலே தனியே செருகியிருந்த சிரட்டை யாருக்கென்று சிறுவயதில் நான் கேட்டதில்லை என்பதைச் சொன்னேன். 1995 இல் பெயர் கேளாது நீர் வார்த்த அந்த முகமறியா மனிதரைப் பற்றியும் சொன்னேன்.

பின்னர் பாடத்தின் விடுபட்ட பாதியையும் சொல்ல வேண்டியதாயிற்று. யாவரும் சமம் என்று பிரகடனஞ் செய்த அமெரிக்கர், கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தனர். அவ்வடிமைமுறை 1865 வரை நீங்கவில்லை. பெண்களுக்கு நாடெங்கும் வாக்குரிமை 1920 இலேயே வந்தது. யாழ்ப்பாணத்திலும் அடிமைமுறை இருந்தது. 1844 இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வழக்கம் அத்தனை விரைவில் ஒழியவில்லை. இளைஞர் காங்கிரசார் இதை அறியாதவரல்லர். பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளும் சமமாக ஒரே வாங்கில் இருந்து கற்கவும், சேர்ந்து உண்ணவும் அவர்கள் குரல் கொடுத்தனர். அதற்கு எழுந்த எதிர்ப்பு வெள்ளைக்காரனிடமிருந்து வரவில்லை, எம்மிடமிருந்தே வந்தது. பொதுக் கிணறு, கடை, கோயில் முதலியவற்றில் சாதி கூறித் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் சுதந்திரத்தின் பின், 1957 இல் வந்தது. அதன்பின்னும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் உட்செல்ல உரிமை கேட்டு மக்கள் நிற்க வேண்டியிருந்தது.

நாடு பெற்ற சுதந்திரத்தின் கதையும் அதுவே. 1948 இல் திறப்புக் கைமாறிய அதே ஆண்டில், பதினெட்டாம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. நாடற்ற நிலையில் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. 1956 இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாயிற்று. பின்னர் வந்தவற்றை, 2009 வரை நீண்ட போரை, பிள்ளைகளின் பெற்றோர் அறிவர், நான் விரிக்கவில்லை. “திறப்பு நம் நாட்டவர் கைக்கு வந்துவிட்டால் மாத்திரம் போதாது. நான்கு பங்காளர்க்கும் முறை கிடைக்கிறதா, கட்டுக்கு வெளியே இன்னும் யாராவது நிற்கிறாரா என்று பார்ப்பதே சுயாட்சி” என்றேன்.

கேள்வியை முதலிற் கேட்ட மாணவன் நெடுநேரம் நிலத்தை நோக்கியிருந்தான். பின்பு, “அப்படியென்றால் சேர், அவனைப் போகச் சொன்னது சரி. ஆனால் அவன் போனதோடு வேலை முடியவில்லை, என்ன?” என்றான்.

அதற்குமேல் நான் என்ன சொல்ல?

விடைபெறும்போது பெரியவர் மோட்டரைச் சற்று நிறுத்தி, குழாயடியில் எல்லாப் பிள்ளைகளையும் கைகால் கழுவச் செய்தார். பின் அந்த மாணவியை அழைத்து, வாளியைக் கையிற் கொடுத்து, “பிள்ளை, நீயே அள்ளி எல்லாருக்கும் குடு” என்றார். அவள் அள்ளிக் கொடுத்தாள். பன்னிரண்டு பேரும் குடித்தோம் என்று எழுதினால் கணக்குப் பிசகும். என்னையும் பெரியவரையும் சேர்த்துப் பதினான்கு பேர். நன்னீர். உப்பில்லை. ஆனால் அடியில் உப்பிருக்கிறது என்பதைப் பெரியவர் மறக்கவில்லை. “இப்ப மோட்டர் இருக்கெண்டு எல்லாரும் கண்டபாட்டுக்கு இறைக்கினம். நாலு பேரும் கதைச்சு அளவு வைக்காட்டி, உங்கட காலத்தில இந்தத் தண்ணியும் உவராய்ப் போகும்” என்றார்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை நிலாவரைக்கு அழைத்துச் செல்லுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியாற் சென்று புத்தூர்ச் சந்தியில் இறங்கினால் மேற்கே சிறிது தூரம். கிணறு மிக ஆழமானது. சிறுவரைப் படியில் தனியே விடலாகாது. கல்லும் குப்பையும் இடவுங் கூடாது. இராமர் அம்பின் கதையைச் சொல்லுங்கள். சுண்ணாம்புக் கல்லின் கதையையும் சொல்லுங்கள். மூன்றாவதாக, உங்கள் வீட்டுக் கிணற்றின் கதையையும், அதில் யார் அள்ளினர், யார் ஏந்தி நின்றனர் என்பதையும், கூச்சமின்றிச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்க ஆயத்தமாகவே இருக்கின்றனர்.